வர்க்கமூலம் 1.5-இலேயே நின்றுவிடுகிறது: ஆப்ஸ் (abs) செய்யும் வேலை

2-இன் வர்க்கமூலம் கேட்டால் 1.5 வருகிறது, 100-க்கு 10.03 வருகிறது, ஒரு ஊகத்தில் தொடங்கி அதைச் சுற்றுக்குச் சுற்று திருத்திக்கொண்டே போகும் நியூட்டன் முறையைத் தப்பாக எழுதிவிட்டேனோ என்று கேட்டிருந்தீர்கள். சூத்திரம் சரிதான். லூப்பை நிறுத்தும் அந்த ஒரு வரியில்தான் கோளாறு: பழைய ஊகத்துக்கும் புதிய ஊகத்துக்கும் உள்ள வித்தியாசத்தை ஆப்ஸில் போட்டு, 0.0001-ஐ விடச் சிறியதா என்று பார்க்கும் வரி.

சி மொழியில் ஆப்ஸ் என்பது மைனஸ் குறியை நீக்கி நேர்மதிப்பைத் தரும் ஃபங்ஷன், அதுவும் முழு எண்ணுக்கானது. டபுள், அதாவது புள்ளி வைத்த எண், கொடுத்தால் மறுக்காது. புள்ளிக்குப் பின்னால் இருப்பதை வெட்டி எறிந்துவிட்டுத்தான் உள்ளே வாங்கிக்கொள்ளும். உங்கள் முதல் ஊகம் 1, அடுத்தது 1.5. வித்தியாசம் -0.5. ஆப்ஸுக்குள் அது 0 ஆகிறது. 0.0001-ஐ விட 0 சிறியதுதானே, லூப் நிம்மதியாக நின்றுவிடுகிறது. பிழைச் செய்தியும் வராது, அதுதான் எரிச்சல்.

ஆப்ஸ் இருக்கும் இடத்தில், புள்ளி எண்ணுக்கான எஃப்ஆப்ஸ் (fabs) போடுங்கள், மேத் ஹெடரை (math.h) சேர்த்துக்கொள்ளுங்கள். 1.5, 1.41667, 1.414216 என்று இறங்கி, அடுத்த சுற்றில் 1.414214-இல் நிற்கும். நிரலை மொழிபெயர்க்கும் கம்பைலர் ஜிசிசி (GCC) என்றால், அதில் எக்ஸ்ட்ரா எச்சரிக்கைகளையும் (-Wextra) போட்டுவிடுங்கள். ஓரளவு புதிய பதிப்பாக இருந்தால் இந்த மாதிரி ஆப்ஸை அதுவே காட்டிக்கொடுக்கும்.

அப்புறம், முழு எண்ணிலும் ஒரு பள்ளம் உண்டு. 32 பிட் இன்ட்டில் (முழு எண் வகை) -2147483648 அடங்கும், ஆனால் அதன் நேர்மதிப்பு அடங்காது, உச்சம் 2147483647. அந்த எண்ணை ஆப்ஸுக்குக் கொடுத்தால் என்ன வரும் என்று சி எந்த உத்தரவாதமும் தருவதில்லை. ஜாவாவில் அதே மைனஸ் எண் அப்படியே திரும்பி வரும். உங்கள் நிரலுக்கு இது தேவைப்படாது, ஆனால் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.