மீனுக்காகத் தண்ணீரை நிறுத்துகிறார்களா? பாதாம் தோப்பு வாங்கப் போகும் அம்பாசமுத்திரத்துத் தம்பிக்கு

தம்பி, நீங்கள் கேட்டிருப்பது இது. கலிபோர்னியாவில் ஃபிரெஸ்னோவுக்கு மேற்கே ஐந்து ஏக்கர் பாதாம் தோப்போடு ஒரு வீடு விலைக்கு வருகிறது. ஜனவரியில் ஆறு நிறைய வெள்ளம் போகும்போதே "மீனுக்காகப் பம்பைக் குறைச்சிட்டாங்க" என்று அக்கம்பக்கத்தில் பேசுகிறார்கள். நம்பி வாங்கலாமா அண்ணாச்சி?

அவர்கள் சொல்வது பாதி உண்மை. சாக்ரமென்டோ ஆறும் சான் வாக்கீன் ஆறும் கலக்கும் டெல்டா என்ற கழிமுகத்தின் தென்பக்கம், ட்ரேசி ஊர்ப்பக்கத்தில் இரண்டு பெரிய பம்பு நிலையங்கள் இருக்கின்றன. ஒன்று மத்திய அரசுடையது, மற்றது மாநில அரசுடையது. இரண்டும் முழுவேகத்தில் இழுத்தால் ஓல்டு ரிவர், மிடில் ரிவர் என்ற கிளைகள் கடல்பக்கம் போகாமல் பம்பைப் பார்த்துத் திரும்பி ஓடும். அந்த இழுப்பில் டெல்டா ஸ்மெல்ட் என்ற இரண்டு மூன்று அங்குல மீனும் சால்மன் குஞ்சுகளும் அடித்துக்கொண்டு வந்துவிடும். ஸ்மெல்ட்டுக்கு 1993 முதல் சட்டப் பாதுகாப்பு உண்டு. அதன் ஆயுளே ஏறக்குறைய ஒரு வருஷம்தான், ஒரு பருவம் கெட்டாலும் இனம் தாங்காது. முதல் பெருமழையில் ஆறு கலங்கும்போதுதான் அது முட்டையிட இடம்பெயரும். அதனால் தண்ணீர் பொங்கி வரும் அதே நாட்களில் பம்பைக் குறைக்க வேண்டியிருக்கிறது. சான் லூயிஸ் நீர்த்தேக்கத்தில் பிடித்து வைக்க வேண்டிய தண்ணீர் அப்போது கைநழுவுகிறது. விவசாயியின் வயிற்றெரிச்சலில் நியாயம் இருக்கிறது.

ஆனால் பழி முழுவதையும் மீன்மேல் போடக்கூடாது. கடலுக்குப் போகும் தண்ணீரில் ஒரு பங்கு, உப்புத்தண்ணீர் டெல்டாவுக்குள் ஏறாமல் தள்ளி நிறுத்துகிறது. அது போகாவிட்டால் பம்பு இறைப்பதே உப்பாகிவிடும். டெல்டாவுக்குத் தெற்கே மத்திய அரசுத் திட்டத்துப் பாசனக்காரர்களுக்கு 2014, 2015, 2022 ஆண்டுகளில் ஒப்பந்த அளவில் கிடைத்தது 0 சதவீதம். மூன்றும் கடும் வறட்சி ஆண்டுகள். மீனுக்குப் பாதுகாப்பு இருந்தபோதே 2017லும் 2023லும் 100 சதவீதம் கிடைத்தது.

அதனால் நீங்கள் முதலில் விசாரிக்க வேண்டியது அந்த நிலத்தின் தண்ணீர் உரிமையை. கன்னடியன் கால்வாய்ப் பழைய ஆயக்கட்டும், மணிமுத்தாறு அணை வந்தபின் சேர்ந்த புது ஆயக்கட்டும் ஒன்றில்லை என்று உங்களுக்குத் தெரியும். இங்கேயும் அதே கதைதான். சான் வாக்கீன் ஆற்றின் பழைய உரிமைக்குப் பதிலாக டெல்டா தண்ணீர் வாங்கும் 'எக்ஸ்சேஞ்ச் கான்ட்ராக்டர்' பகுதிகளுக்கு வறண்ட ஆண்டிலும் ஒப்பந்தப்படி ஏறக்குறைய முக்கால் பங்கு உண்டு. வெஸ்ட்லாண்ட்ஸ் போன்ற பகுதிகள் வரிசையில் கடைசி. "தண்ணி உண்டு" என்று விற்பவர் வாயால் சொல்வது போதாது. எந்த வாட்டர் டிஸ்ட்ரிக்ட் (பாசனத் தண்ணீரைப் பங்கிடும் உள்ளூர் அமைப்பு), கடந்த பத்து ஆண்டு ஒதுக்கீடு எவ்வளவு என்பதை எழுத்தில் வாங்குங்கள். ஒதுக்கீட்டை வழக்கமாகப் பிப்ரவரியில் அறிவித்து, பிறகு மாற்றிக்கொண்டே வருவார்கள். பாதாமோ பிப்ரவரியிலேயே பூத்துவிடும்.

பாதாமுக்கு ஏக்கருக்கு ஆண்டுக்கு மூன்றரை முதல் நான்கு ஏக்கர்-அடி தண்ணீர் வேண்டும். ஓர் ஏக்கர்-அடி என்பது சுமார் 12.3 லட்சம் லிட்டர். கால்வாய் வராத ஆண்டில் இது முழுவதும் ஆழ்துளைக் கிணற்றிலிருந்துதான் (போர்) வரவேண்டும். 2014இல் வந்த நிலத்தடி நீர்ச் சட்டப்படி, அளவுமீறி உறிஞ்சப்பட்ட பகுதிகள் 2040க்குள் வரவையும் செலவையும் சமன்செய்தாக வேண்டும். சொந்தப் போர் என்றாலும் இஷ்டத்துக்கு இறைக்க முடியாது. ஏக்கருக்கு எவ்வளவு அனுமதி, கட்டணம் என்ன என்று அந்தப் பகுதியின் நிலத்தடி நீர் முகமையிடம் கேளுங்கள். போரை ஆகஸ்டில், அக்கம்பக்கத்து மோட்டார்கள் எல்லாம் ஓடும்போது, பல மணிநேரம் ஓடவிட்டுச் சோதியுங்கள். நிற்கும் மட்டம், ஓடும்போது இறங்கும் மட்டம் இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். பிப்ரவரிச் சோதனையை நம்பி வாங்கினால் கோடையில் பம்பு காற்றை இழுக்கும்.

மேற்குப்பக்கப் போர்த்தண்ணீரில் உப்பும் போரான் என்ற தாதுவும் அதிகம். வேர்மண்ணின் உப்பு, மண்பரிசோதனைச் சீட்டில் போடும் அளவுப்படி மீட்டருக்கு 1.5 டெசிசீமன்ஸைத் தாண்டினாலே பாதாம் விளைச்சல் சரியத் தொடங்கும். மரம் உறங்கும் குளிர்காலத்தில் நல்ல தண்ணீர் விட்டு உப்பைக் கீழே இறக்க வேண்டும். போரான் இலைச் சோதனையில் சரியாகப் பிடிபடாது. அறுவடையில் காயின் வெளித்தோலை ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். போரான் 300 பிபிஎம் (பத்து லட்சத்தில் 300 பங்கு) தாண்டினால் மரத்துக்கு நஞ்சு.

தண்ணீர் குறைந்த ஆண்டில் எல்லா மாதமும் ஒரேபோல் குறைக்காதீர்கள். குறைக்கத் தோதான சமயம், ஜூன் கடைசியிலிருந்து காயின் வெளித்தோல் வெடிக்கும் பருவம். நடுமதியத்தில், தண்டை ஒட்டிய நிழல் இலை ஒன்றைப் பளபளப்பான ஃபாயில் பையில் பத்து நிமிடம் மூடிவைத்துப் பறித்து, மரத்தின் தாகத்தைக் காட்டும் பிரஷர் சேம்பர் கருவியில் அளந்து பாருங்கள். மைனஸ் 14 முதல் 18 பார் வரை போகலாம். இந்தச் சமயத்தில் குறைத்தால் தோலழுகல் நோயும் குறையும். மரத்தை உலுக்கிக் காயை எடுத்தபின் மட்டும் காயவிடாதீர்கள். அடுத்த ஆண்டுப் பூமொட்டு ஆகஸ்ட், செப்டம்பரில்தான் உருவாகிறது. அப்போது மிச்சம்பிடித்த தண்ணீருக்கு மறுவருஷ விளைச்சலில் விலை கொடுப்பீர்கள்.

வீட்டுக்கும் அதே போர்த்தண்ணீர் என்றால் நைட்ரேட், ஆர்சனிக் இரண்டையும் சோதிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். நைட்ரஜன் கணக்கில் நைட்ரேட் லிட்டருக்கு 10 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் கைக்குழந்தைக்கு ஆபத்து. காய்ச்சினால் அது குறையாது, இன்னும் கெட்டிப்படும். குடிக்கவும் சமைக்கவும் ஆர்.ஓ. வைத்தாக வேண்டும்.