பட்டறையா, பயிற்சி நிலையமா?

மதிப்பிற்குரிய ஐயா,

எங்கள் ஊர் உசிலம்பட்டிக்குப் பக்கம். என் மூத்த மகன் பத்தாம் வகுப்புத் தேறி, பிளஸ் ஒன்னைப் பாதியில் விட்டுவிட்டான். வெல்டிங்தான் கற்றுக்கொள்வேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். மதுரையில் ஒரு சமுதாயக் கல்லூரியில் ஆறு மாதப் படிப்பு இருக்கிறது, பணம் கட்டவேண்டும். திருமங்கலத்தில் கிரில் பட்டறை வைத்திருக்கும் என் தம்பியோ, "இதைப் போய் யாராவது காசு கொடுத்துப் படிப்பார்களா அக்கா? என்னிடம் அனுப்பு, ஒரு வருடத்தில் தொழிலைக் கற்றுக்கொடுத்துவிடுகிறேன்" என்கிறான். பையனின் அப்பாவுக்குக் கண் கெட்டுவிடுமோ என்று பயம். நான் என்ன செய்யட்டும்? பெயரை வெளியிட வேண்டாம்.

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மகன் பிற்காலத்தில் சொந்தமாகக் கிரில் பட்டறை வைப்பதோடு நிறைவடைவான் என்றால் தாய்மாமனைவிட நல்ல ஆசிரியர் அவனுக்குக் கிடைக்கமாட்டார். அளவெடுப்பது, இரும்பு வாங்குவது, வீட்டுக்காரரிடம் விலை பேசிக் கட்டுப்படியாக்குவது ஆகியவற்றை எந்தக் கல்லூரியும் கற்றுத்தராது. ஆனால் அங்கே அவன் கற்பது வெல்டிங்கின் ஒரு சிறு பகுதியை மட்டுமே. ஜன்னலுக்கும் கேட்டுக்கும் 6013 எண் ராடை, அதாவது உருகி ஒட்டும் பற்றவைப்புக் குச்சியை, வைத்து மெல்லிய பட்டையையும் சதுரக் கம்பியையும் ஒட்டினால் போதும். ஒட்டியது உள்ளே எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்று எவரும் கேட்பதில்லை, கிரைண்டர் ஓட்டிப் பெயின்ட் அடித்துவிட்டால் நல்ல ஒட்டும் கெட்ட ஒட்டும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

எழுத்துக்கு வருமுன் நான் சில காலம் கப்பலூர் தொழிற்பேட்டையில், இரும்புத் தகடுகளை வெட்டி இணைத்துப் பொருள் செய்யும் ஒரு ஃபேப்ரிகேஷன் நிறுவனத்தில் கணக்கு எழுதினேன். வேலை கேட்டு வரும் வெல்டரிடம் அங்கே சான்றிதழை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, ஓரம் சரிவாகச் சீவிய இரண்டு பத்து மில்லிமீட்டர் தகடுகளைக் கொடுப்பார்கள். அவற்றைச் செங்குத்தாக நிறுத்திக் கீழிருந்து மேலாகப் பற்றவைக்கவேண்டும். உருகிய இரும்பு கீழே வழியத்தான் பார்க்கும். ராடின் முனையை இந்தப் பக்கம் ஒரு கணம், அந்தப் பக்கம் ஒரு கணம் நிறுத்தி, குழம்பு உறைய உறைய மேலே ஏறவேண்டும். கை நடுங்கினாலும் ஆம்பியர் (மின்னோட்டம்) கூடினாலும் நடுவில் தொப்பையாகத் தொங்கிவிடும். ஆறிய பிறகு அதிலிருந்து பட்டையாக ஒரு துண்டை அறுத்து, பிரஸ்ஸில் வைத்து லாடம்போல வளைப்பார்கள். மேலே கண்ணில் ஒற்றிக்கொள்ளும்படி இருந்த பற்றவைப்பு, உள்ளே கசடு சிக்கியிருந்ததால் வளையும்போது வாய் பிளந்துகொள்வதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். பல ஆண்டுகள் பட்டறை அனுபவம் உள்ளவர்களே இதில் அதிகம் தோற்றார்கள். அவர்களுக்குத் திறமை இல்லை என்பதல்ல, அவர்களுடைய வேலையை அதுவரை யாரும் வளைத்துப் பார்த்ததில்லை.

ஆகவே எந்த இடத்தில் சேர்த்தாலும் நீங்கள் கேட்கவேண்டியது, ஒரு மாணவனுக்குத் தினமும் எத்தனை ராடு எரிக்கக் கொடுப்பீர்கள், அவன் ஒட்டிய தகட்டை வெட்டி வளைத்துக் காட்டுவீர்களா என்பதுதான். சமுதாயக் கல்லூரி என்ற ஏற்பாட்டின்மீது எனக்கு மதிப்பு உண்டு. 1995இல் புதுவைப் பல்கலைக்கழகமும் அடுத்த ஆண்டு சென்னையில் கத்தோலிக்க மறைமாவட்டமும் அதைத் தொடங்கியபோது, உங்கள் மகனைப்போல நடுவில் படிப்பை விட்டவர்களை மனத்தில் வைத்தே தொடங்கின; தொழிலோடு வாழ்க்கைத்திறனையும் நேரடி வேலைப்பயிற்சியையும் சேர்த்துத் தருவது அதன் சிறப்பு. ஆயினும் தையலையும் கணினியையும்போலக் குறைந்த செலவில் வெல்டிங்கைக் கற்பிக்க முடியாது. தகடு, ராடு, வாயு, மின்சாரம் என்று ஒவ்வொரு நாளும் பணம் புகையாகப் போகும். செலவுக்கு அஞ்சும் நிறுவனம் கரும்பலகையில் படம் போட்டே ஆறு மாதத்தை ஓட்டிவிடும். பணம் கட்டுமுன் பட்டறைக்குள் போய்ப் பாருங்கள். மூலையில் பயிற்சித் தகடுகளும் எரிந்து மிஞ்சிய ராடுத் துண்டுகளும் குவிந்து கிடந்தால் தயங்காமல் கட்டலாம். தரை பளபளவென்று இருந்தால் திரும்பி வந்துவிடுங்கள்.

அதற்கும் முன்பாக மதுரை கே.புதூரில் உள்ள அரசு தொழிற்பயிற்சி நிலையத்தை, அதாவது ஐ.டி.ஐ.யைப் பாருங்கள். வெல்டர் பிரிவு ஓராண்டுதான். எட்டாம் வகுப்புத் தேறியிருந்தாலே போதும், உங்கள் மகன் பத்தே முடித்திருக்கிறான். பயிற்சிக் கட்டணம் இல்லை என்பதோடு மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் உண்டு. அங்கே கிடைக்கும் தேசியத் தொழிற்சான்றிதழை வைத்துப் பெரிய நிறுவனங்களில் அப்ரண்டிஸ் சேரலாம், ரயில்வேயின் டெக்னீஷியன் பணிக்கு விண்ணப்பிக்கலாம். ஆறு மாதச் சான்றிதழ் எவ்வளவு நேர்மையானதாக இருந்தாலும் இந்தக் கதவுகளைத் திறக்காது. இந்த ஆண்டு இடம் கிடைக்காவிட்டால் மட்டுமே சமுதாயக் கல்லூரி என்பது என் எண்ணம்.

அதற்குமேல் போக வழி திருச்சிப் பக்கம் இருக்கிறது. கொதிகலன் செய்யும் பொதுத்துறை நிறுவனமான பெல்லின் தொழிற்சாலையும் அதன் வெல்டிங் ஆராய்ச்சி நிலையமும் அதைச் சுற்றியுள்ள ஃபேப்ரிகேஷன் நிறுவனங்களும் நம் பக்கத்து வெல்டர்களுக்கு மேற்படிப்பு மாதிரி. 45 பாகை சாய்வில் அசையாமல் நிறுத்திய குழாயை, வேர் ஓட்டம் எனும் அடி அடுக்கை வாயுக் காப்பில் செய்யும் டிக் முறையிலும் மேல் நிரப்பை 7018 எண் ராடிலும் சுற்றிவந்து பற்றவைக்கிற 6ஜி தேர்வில் தேறியவனுக்கும், கொதிகலன் விதிகளின்படி சான்று பெற்றவனுக்கும் கூலியே வேறு. அந்த 7018 ராடை அடுப்பில் வைத்து ஈரம் போக்கித்தான் பயன்படுத்தவேண்டும், இல்லாவிட்டால் ஈரத்திலுள்ள ஹைட்ரஜன் இரும்பில் புகுந்து பிறகு விரிசல் விடும் என்பதெல்லாம் கிரில் பட்டறையில் தெரியவரும் செய்திகள் அல்ல.

கண்ணைப் பற்றி உங்கள் கணவர் அஞ்சுவது முற்றிலும் வீண் அல்ல. ராடு முனையில் எழும் ஆர்க் ஒளியின் புற ஊதாக்கதிர் பட்டால் அப்போது ஒன்றும் தெரியாது. இரவில் படுத்த பிறகு மணலை அள்ளிப் போட்டதுபோல உறுத்தி நீர் வழியும். ஓரிரு நாளில் சரியாகிவிடும் என்றாலும் அதை வாடிக்கையாக்கிக்கொள்ளக் கூடாது. 10 அல்லது 11 எண் கருப்புக் கண்ணாடி போட்ட ஷீல்டு, அதாவது முகக்கவசம், இருந்தால் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. கிரைண்டர் பொறிக்குத் தனியாகக் கண்ணாடி வேண்டும். துத்தநாகம் பூசிய ஜி.ஐ. குழாயை அடைத்த அறைக்குள் பற்றவைத்தால் துத்தநாகப் புகையால் இரவில் குளிர்காய்ச்சல் வரும்; பால் குடித்தால் போய்விடும் என்று பட்டறையில் சொல்வார்கள், பாலைவிடக் காற்றோட்டம் மேல்.

தம்பியிடம் மனம் நோகாமல் பேசுங்கள். முதல் சில மாதங்கள் பையன் ஐ.டி.ஐ.யில் கையைப் பழக்கட்டும். அதன்பிறகு விடுமுறை நாட்களில் மாமன் பட்டறைக்குப் போகட்டும். தவறாகப் படிந்த கையை மாற்றுவது புதிதாகக் கற்பதைவிடக் கடினம் என்பதால்தான் இந்த வரிசையைச் சொல்கிறேன். அங்கேயும் ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஷீல்டு இல்லாமல் டேக் (துண்டுகளை நிறுத்த வைக்கும் சிறு ஒட்டு) போடும் பழக்கம் மட்டும் வேண்டாம் என்று உங்கள் தம்பிக்கு நீங்களே கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்.