67 பேரில் ஒருவர்

அன்புள்ள ஐயா,

என் தாத்தா கடற்படை மாலுமி. 1971 போரில் ஐ.என்.எஸ். குக்ரி மூழ்கியபோது உயிர் தப்பியவர். போன ஆடியில் காலமானார். அந்த இரவைப் பற்றி எங்களிடம் பேசியதே இல்லை. பிழைத்த குற்றவுணர்ச்சிதான் காரணமா? அந்தக் கப்பலின் கேப்டன் முல்லா தன் லைஃப் ஜாக்கெட்டை ஒரு மாலுமிக்குக் கொடுத்ததாகப் படித்தேன். அது தாத்தாதானோ என்று வீட்டில் எல்லோருக்கும் ஒரு எண்ணம். உறுதி செய்ய ஆவணங்கள் எங்கே கிடைக்கும்? டையூவில் இருக்கும் குக்ரி நினைவிடத்துக்கும் போகப் போகிறேன். பாட்டிக்கு 75 வயதாகிறது, அவரும் அதிகம் பேசுவதில்லை.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

கடற்படைக்கு எழுதிக் கேளுங்கள். பென்ஷன் புத்தகத்தில் சர்வீஸ் நம்பர் இருக்கும். குற்றவுணர்ச்சி என்பதெல்லாம் சினிமா பார்த்துப் பழகிய கேள்வி, விடுங்கள்.

என்னை உறுத்துவது அந்த லைஃப் ஜாக்கெட். அதை எதற்காக உங்கள் தாத்தாவுக்கு மாட்டிவிடுகிறீர்கள்?

டிசம்பர் 9 இரவு, டையூவுக்கு அப்பால் அரபிக்கடலில், பாகிஸ்தானின் ஹங்கோர் நீர்மூழ்கி விட்ட டார்பிடோ குக்ரியைத் தாக்கியது. சில நிமிடங்களில் கப்பல் மூழ்கிவிட்டது. 18 அதிகாரிகள், 176 மாலுமிகள் அதோடு போனார்கள். கேப்டன் மகேந்திரநாத் முல்லா கப்பலை விட்டு இறங்கவில்லை. மறைவுக்குப் பின் அவருக்கு மகாவீர் சக்ரா கொடுத்தார்கள். மறுநாள் கடலிலிருந்து மீட்கப்பட்டவர்கள் 67 பேர். நீர்மூழ்கிகளை ஒலியால் கண்டுபிடிக்கும் சோனார் கருவியின் சோதனைக்காகக் கப்பல் மெதுவாகப் போனது சரிதானா என்று இன்னும் வாதம் நடக்கிறது. அது நிபுணர்கள் பாடு.

ஆனால் அந்த இரவுக்கு நம்மிடம் புழங்குவது ஒரே கதை, கேப்டன் கதை. பெரிய கதைதான், நான் குறைத்துச் சொல்லவில்லை. அந்தக் கதையில் பிழைத்த 67 பேருக்கும் ஒரே வேலைதான், கேப்டனைக் கடைசியாகப் பார்த்த சாட்சிகள். ஊர் அப்படி நினைத்தால் சரி. வீட்டில் இருக்கும் நீங்களுமா? இரவெல்லாம் கடலில் கிடந்து கரை வந்த மனிதர் அவர். அவருக்கு இன்னொருவர் புகழில் பங்கு வாங்கிக் கொடுத்தால்தான் உங்களுக்குப் பெருமையா?

என் பெரியப்பாவும் கடற்படைதான், எஞ்சின் அறையில் ஸ்டோக்கர். அவர் கப்பலுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் சினிமா தியேட்டருக்குள் போனதும் வெளிக்கதவு வரை ஒருமுறை நடந்து பார்த்துவிட்டுத்தான் வந்து உட்காருவார், அதுவும் ஓரத்து சீட்டில். நாங்கள் கேலி செய்வோம். "கீழ வேலை பாக்குறவனுக்கு லைட் போனா ஏணி எத்தன எட்டுல இருக்குன்னு கால் சொல்லணும்டா" என்பார். ஒரு குடியரசு தினத்தில் பள்ளிக்கூடத்தில் பேசக் கூப்பிட்டார்கள். மனுஷர் இந்த ஏணியைப் பற்றித்தான் ஆரம்பித்தார். தலைமை ஆசிரியர் குறுக்கே வந்து, "வீரத்தைப் பத்தி நாலு வார்த்தை சொல்லுங்க ஐயா" என்றார். பெரியப்பா ஒரு ஜெய்ஹிந்த் சொல்லிவிட்டு மேடையிலிருந்து இறங்கிவிட்டார். அதற்கப்புறம் யார் கூப்பிட்டும் போகவில்லை. பிள்ளைகள் அன்று ஏணியைப் பற்றிக் கேட்கத் தயாராகத்தான் இருந்தார்கள், நானும் அதில் ஒருவன்.

தாத்தா பேசவில்லை என்கிறீர்கள். நீங்கள் என்ன கேட்டீர்கள்? தண்ணீர் சில்லென்று இருந்ததா, எண்ணெய் வாய்க்குள் போனதா, பக்கத்தில் மிதந்தவர் பெயர் என்ன, விடியும்வரை ஒருவரை ஒருவர் கூப்பிட்டுக்கொண்டார்களா? இதில் ஒன்றையாவது யாராவது கேட்டிருந்தால் கடிதத்தில் ஒரு வரியாவது வந்திருக்கும். துக்கத்தில் இருப்பவரிடம் இப்படிப் பேசக்கூடாதுதான். கோபம் வந்தால் வரட்டும், ஆனால் மேலே படியுங்கள்.

டையூவில் கடலைப் பார்த்த மேட்டில் குக்ரியின் மாதிரி கண்ணாடிக் கூண்டுக்குள் இருக்கிறது. அதே பெயரில் பின்னால் வந்த போர்க்கப்பலையும் ஓய்வுக்குப் பிறகு டையூவுக்கே கொடுத்துவிட்டார்கள். அடித்த ஹங்கோர் கராச்சி அருங்காட்சியகத்தில் நிற்கிறது. எல்லாம் பத்திரமாக இருக்கின்றன, அப்புறம் போய்க்கொள்ளலாம். பாட்டியை மட்டும் கடைசி வரியில் போட்டு முடித்துவிட்டீர்களே!

அந்த டிசம்பரில் அவருக்கு இருபதை ஒட்டிய வயதுதான் இருந்திருக்கும். கப்பல் போன செய்தியை யார் வீட்டு ரேடியோவில் கேட்டார்? தந்தியை யார் பிரித்துப் படித்தது? தாத்தா வந்து இறங்கியபோது யாருடைய சட்டையைப் போட்டிருந்தார்? வந்த முதல் வாரம் தூங்கினாரா? இதையெல்லாம் கேளுங்கள், ஒரு நாளைக்கு ஒன்று போதும். பதிவு செய்வதானால் போனை அவர் முகத்துக்கு நேரே நீட்டாதீர்கள். கேப்டன் பேச்சை நீங்களாக எடுக்க வேண்டாம். அவர் எடுத்தால் எடுக்கட்டும்.