இடாப்பிலிருந்து தொடங்குங்கள்

அன்புள்ள அண்ணாவுக்கு,

எங்கள் ஏ.எல் (உயர்தர) வகுப்பு ஒன்றுகூடலை வரும் நல்லூர்த் திருவிழாவோடு சேர்த்து வைக்கிறார்கள். கனடா, லண்டன், பாரிஸ், சிட்னியிலிருந்தெல்லாம் ஆட்கள் வருகிறார்கள். ஒரு மலரும் வருகிறது. ‘நான் கடந்துவந்த பாதை’ என்று ஆளுக்கு அரைப்பக்கம் எழுதித் தரவேண்டும். நாங்கள் 38 பேர் படித்தோம். வட்ஸ்அப் குழுவில் 21 பேர் இருக்கிறார்கள். மிச்சப் பேரோடு தொடர்பில்லை. 21 பேரில் மூன்று பேர் டொக்டர்மார், ஐந்து பேர் எஞ்சினியர்மார். கணிதத்தில் அவர்கள் எல்லோரையும்விட எனக்குத்தான் புள்ளி கூட. 1991இல் அப்பாவுக்குப் பாரிசவாதம் வந்தது. அடுத்த வருஷம் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்தில் சேர்ந்தேன். இப்போது கிளை முகாமையாளர். (1995 இடப்பெயர்வில் குடும்ப அட்டை இடாப்புகளை, அதாவது பதிவேடுகளை, சைக்கிளில் சாவகச்சேரிக்குக் கொண்டுபோனதுதான் நான் செய்த பெரிய வேலை.) அவர்கள் துணிந்து வெளிக்கிட்டார்கள், நான் துணியவில்லை. அரைப்பக்கத்தில் நான் எதை எழுதுவது? போகத்தான் வேண்டுமா? உங்களைச் சிறப்பு விருந்தினராகக் கூப்பிடவும் யோசித்திருக்கிறோம்.

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். நாலு பக்கக் கடிதம், சுருக்கியிருக்கிறேன்.)

அன்புள்ள தம்பி,

போங்கள். அதில் யோசிக்க ஒன்றுமில்லை.

உடனே பதில் எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் வேறு. கொஞ்சக் காலமாக இப்படியான மலர்கள் என் கைக்கு வந்துகொண்டேயிருக்கின்றன. வழவழப்பான தாள், கலர்ப் படம், ஆளுக்கு அரைப்பக்கம். எங்கள் வயதுக்காரருக்கு ஐம்பது தாண்டிவிட்டது, பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள், பழைய ஆட்களைத் தேட மனம் வருகிறது. நல்ல விஷயம்தான். ஆனால் ஒவ்வொரு மலரையும் மூடிவைக்கும்போது எனக்குக் கோபம் வருகிறது. அந்தக் கோபத்தின் ஒரு பங்கு இன்றைக்கு உங்களுக்கு வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

தரப்படுத்தலைப் பற்றி மூன்று பந்தி எழுதியிருக்கிறீர்கள். 70களில் பல்கலைக்கழக அனுமதிக்குத் தமிழ்ப் பிள்ளைகளிடம் கூடப் புள்ளி கேட்ட அநியாயம் அது, எங்கள் அண்ணன்மார் அதில் அடிபட்டார்கள். உங்கள் வகுப்பின் கதை வேறு, அதை விடுவோம். வெளிநாட்டுக்காரர் பள்ளிக்கூட விஷயத்தில் கருத்துச் சொல்லலாமா என்பதையும் விடுவோம். சொல்லட்டுமே, காசும் கொடுக்கிறார்கள்.

‘துணியவில்லை’ என்று எழுதியதை மட்டும் விடமாட்டேன். 1990 ஜூனில் சண்டை மறுபடி தொடங்கியபோது நீங்கள் பன்னிரண்டாம் வகுப்பு, நான் உங்களுக்கு ஒரு வகுப்பு மேலே. கரண்ட் போனது. மண்ணெண்ணெய்க்கும் சவர்க்காரத்துக்கும் பற்றரிக்கும் தடை. ஜாம் போத்தல் விளக்கில் படித்த வகுப்புகள் எங்களுடையவை. அந்த நேரத்தில் ஒருவன் வெளிநாடு போனான் என்றால், அவனுக்கு முன்னால் ஒரு மாமாவோ அண்ணனோ போயிருந்தார். இல்லாவிட்டால் ஈடு வைக்க ஒரு தோட்டக்காணியோ அக்காவின் நகையோ வீட்டில் இருந்தது. எந்த ஏஜென்சிக்காரனும் கணிதப் புள்ளி கேட்டதில்லை. பேராதனைக்கும் மொறட்டுவைக்கும் எடுபட்ட பிள்ளைகள்கூட, புலிகளிடம் பாஸ் எடுத்து, வீட்டில் ஒருவரைப் பிணை வைத்து, ஆனையிறவுப் பாதை மூடிக்கிடந்ததால் கிளாலியில் இரவில் படகேறித்தான் போய்ச்சேர்ந்தார்கள். 1993 ஜனவரியில் கடற்படை சுட்டதில் அந்தப் படகுகளிலேயே செத்தவர்கள் இருக்கிறார்கள். ஒரு அம்மா அழுததால் ஒருவன் படகேறவில்லை, இன்னொரு அம்மா அழுததால் இன்னொருவன் ஏறினான்.

பாரிசவாதம் வந்த அப்பாவைத் தூக்கி இருத்த வீட்டில் வேறு ஆம்பிளை இல்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அதே பந்தியில், அடுத்த வரியில், ‘துணியவில்லை’. இந்த இரண்டு வரியையும் பக்கத்தில் பக்கத்தில் எழுத எப்படி உங்களுக்குக் கை வந்தது? அப்பா எத்தனை வருஷம் படுக்கையில் இருந்தார் என்றுகூடச் சொல்லவில்லை. அதையல்லவா முதலில் சொல்லியிருக்கவேண்டும்.

அடைப்புக்குறிக்குள் போட்டீர்களே ஒரு வரி, குடும்ப அட்டை இடாப்புகள். 1995 ஒக்டோபர் 30 இரவு, ஆமி முன்னேறிவர, வலிகாமம் முழுக்கத் தெருவில் நின்றது. மழை. நாவற்குழிப் பாலத்தடியில் ஓரடி வைக்க ஒரு மணித்தியாலம் பிடித்தது. சனம் பிள்ளைகளையும் வயதானவர்களையும் சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனபோது நீங்கள் இடாப்புகளை உரப்பையில் கட்டித் தள்ளியிருக்கிறீர்கள். தென்மராட்சியில் பள்ளிக்கூட விறாந்தைகளிலும் மரத்தடிகளிலும் கிடந்த சனத்துக்கு, எந்தக் குடும்பத்தில் எத்தனை பேர், யாருக்கு எவ்வளவு அரிசி, மா, சீனி என்று அதைப் பார்த்துத்தானே கொடுத்தீர்கள்? அரைப்பக்கத்தில் அதை எழுதுங்கள். உரப்பையை எங்கே எடுத்தீர்கள், எதையெல்லாம் விட்டுவிட்டு அதைத் தூக்கினீர்கள், மழையில் எப்படிக் காப்பாற்றினீர்கள், எல்லாம் எழுதுங்கள். உங்கள் கேள்விக்குப் பதில் அவ்வளவுதான்.

இனி நான் சொல்லவந்ததைச் சொல்கிறேன். அந்த 17 பேர் யார்?

டொக்டரையும் எஞ்சினியரையும் எண்ணத் தெரிந்த உங்களுக்கு இவர்களைப் பற்றி ஒரே ஒரு வரிதான் வந்திருக்கிறது. பாதிப் பேரைக் கண்டுபிடிப்பது சிரமமேயில்லை. பெண்பிள்ளைகள் சிலர் கல்யாணத்துக்குப் பிறகு புருஷனின் பெயரோடு இருப்பார்கள், பேஸ்புக்கில் பழைய பெயரில் தேடினால் வராது. அவர்களின் தங்கச்சியோ மச்சாளோ ஊரில் இருப்பார்கள், கேளுங்கள். தோட்டம் செய்பவர், மேசன் வேலைக்குப் போகிறவர் என்று சிலர் இருப்பார்கள். ஒரு ஆள் உங்கள் கிளைக்கே சாமான் வாங்க வந்துபோகவும் கூடும். குழுவில் சேர அவர்களை யாரும் கேட்டிருக்கமாட்டார்கள்.

புலிகள் இயக்கத்துக்குப் போய்ச் செத்தவர்களின் படம் போட்டால் பிரச்சினை வருமா என்று சிலர் பயப்படுவதாக எழுதியிருக்கிறீர்கள். உங்களோடு ஒரே வாங்கில் இருந்தவர்கள். பள்ளிக்கூட உடுப்போடு இருக்கும் படத்தைப் போடுங்கள். காணாமல் ஆக்கப்பட்டவர்கள் யாரும் இருந்தால், அவர்களை இறந்தவர்களின் பக்கத்தில் போடாதீர்கள். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தாய்மார் தெருவில் பந்தல் போட்டு உட்கார்ந்தது, பிள்ளை எங்கே என்று கேட்டுத்தான். அவர்களுக்கு முன்னால் அந்த முடிவை எடுக்க ஒரு மலர்க் குழுவுக்கு உரிமையில்லை.

அடுத்தது. உங்கள் பள்ளிக்கூடம் எனக்குத் தெரியும். ஐந்து சந்தியிலிருந்து சைக்கிளில் கொஞ்ச நேரம்தான். சோனகதெரு முஸ்லிம் பிள்ளைகள் ஒருவரும் உங்கள் வகுப்பில் இருக்கவில்லை என்று என்னிடம் சொல்லாதீர்கள். நாலு பக்கத்தில் அவர்களைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

1990 ஒக்டோபர் 30. ஒலிபெருக்கியில் அறிவித்து, முஸ்லிம்களை ஒஸ்மானியாக் கல்லூரி மைதானத்துக்கு வரச்சொல்லி, இரண்டு மணித்தியாலத்துக்குள் வெளியேறவேண்டும் என்றார்கள் விடுதலைப் புலிகள். வீடு, கடை, நகை எல்லாவற்றையும் விட்டுவிட்டு, மாற்றுடுப்போடும் சொற்பக் காசோடும் போனார்கள். அந்த மாதத்தில் வட மாகாணம் முழுவதிலிருந்தும் 70,000 பேரளவில் வெளியேற்றப்பட்டார்கள். பெரும்பாலானவர்கள் புத்தளத்தில் ஒதுங்கினார்கள். ஐந்து வருஷம் கழித்து அதே திகதியில்தான் நீங்களும் நானும் நாவற்குழியில் நின்றோம்.

என் பக்கத்து இருக்கையில் இருந்தவன் அவர்களில் ஒருவன். தகப்பனுக்கு இரும்புக்கடை. ஆறாம் வகுப்பிலிருந்து ஒன்றாகப் படித்தோம். திரிகோண கணிதம் அவன் சொல்லித்தந்துதான் எனக்கு விளங்கியது. கரண்ட் போன பிறகு றேடியோ கேட்க எங்கள் வீட்டுக்குச் சைக்கிள் ரைனமோ தேடித் தந்ததும் அவன்தான். அவர்கள் போன பிறகு வகுப்பில் இடாப்புக் கூப்பிட்டபோது, சேர் அவன் பெயருக்கு வந்ததும் ஒரு கணம் நின்றார், பிறகு அடுத்த பெயரை வாசித்தார். நாங்கள் ஒருவரும் வாய் திறக்கவில்லை. கொஞ்ச நாளில் அந்தப் பெயருக்கு மேல் சிவப்பு மையில் ஒரு கோடு விழுந்தது.

சமாதான காலத்தில் பாதை திறந்த பிறகு, 2003இல், புத்தளத்துக்குப் போய் அவனைப் பார்த்தேன். சந்தையில் சின்னத் துணிக்கடை வைத்திருந்தான். ஏ.எல் எடுக்கவேயில்லை. வந்த புதிதில் முகாமில் தண்ணீருக்கு வரிசையில் நின்றிருக்கிறான், பிறகு உப்பளத்தில் கூலிக்குப் போயிருக்கிறான், பிறகு சைக்கிளில் துணி விற்றிருக்கிறான். தகப்பன் ஓலைக் கொட்டிலிலேயே மௌத்தாகிவிட்டார். இதையெல்லாம் தேத்தண்ணி வரும் நேரத்துக்குள் சொல்லி முடித்துவிட்டான். அதன்பிறகு அவன் எங்களைப் பற்றிக் கேட்கத் தொடங்கினான். இடாப்பு ஒழுங்கில், முதல் பெயரிலிருந்து, ஒருவரும் தவறாமல். ஒவ்வொரு பெயருக்கும் நிறுத்தி, எங்கே இருக்கிறான், கல்யாணம் முடித்தானா, பிள்ளைகள் எத்தனை என்று கேட்டான். செத்துப்போனவர்களின் பெயர் வந்தபோது எப்படி என்று கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தான். தன் பெயர் வரும் இடத்தில் “நான் இஞ்ச” என்று சிரித்துவிட்டு அடுத்த பெயருக்குப் போனான்.

எங்கள் வகுப்புக்கும் ஒரு மலர் வந்தது. அதில் அவன் பெயர் இல்லை. பொறுப்பாயிருந்தவரைக் கூப்பிட்டுக் கேட்டேன். “அவர் எங்களோட ஏ.எல் முடிக்கேல்லையே” என்றார். முடிக்க விட்டோமா? அப்படிக் கேட்டதும் இரைச்சல் போடவேண்டாம் என்றார். அவர் கெட்ட மனிதர் அல்ல, போன வருஷம் பள்ளிக்கூடத்துக்குக் கொம்பியூட்டர்கள் வாங்கிக் கொடுத்தவர். அதனால்தான் எனக்கு இன்னும் ஆறவில்லை. நல்ல மனிதர்கள் உட்கார்ந்து, நல்ல தாளில், மனமறிந்து ஒரு பெயரை இரண்டாம் முறை வெட்டியிருக்கிறார்கள்.

உங்கள் மலரில் இது நடக்கக்கூடாது. வட்ஸ்அப் குழுவை வைத்துத் தொடங்காதீர்கள். பள்ளிக்கூடத்துக்குப் போய் 1990ஆம் ஆண்டு வரவு இடாப்பு இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லாவிட்டால் சேர்வு இடாப்பு. இடப்பெயர்வில் இரண்டும் தொலைந்திருந்தால், உங்கள் வகுப்பாசிரியர் உயிரோடு இருந்தால் அவரிடம் போங்கள். அதுவும் சரிவராவிட்டால் நாலு பேர் ஒரு மேசையில் இருந்து, எந்த வாங்கில் யார் இருந்தார்கள் என்று வகுப்பறையை வரைந்து பாருங்கள். டொக்டர்மாரை முன்னுக்குப் போடாமல் இடாப்பு ஒழுங்கிலேயே போடுங்கள். 38 பேருக்கும் அரைப்பக்கம். கண்டுபிடிக்க முடியாதவருக்குப் பெயரைப் போட்டு இடத்தை வெறுமையாக விடுங்கள். தாள் செலவு என்று யாராவது சொன்னால் அந்தச் செலவை நான் தருகிறேன்.

சோனகதெருவுக்கு நீங்களே போங்கள். திரும்பிவந்த குடும்பங்கள் இருக்கின்றன. பள்ளிவாசலில் கேட்டால் புத்தளத்தில் யாரைப் பிடிக்கலாம் என்று சொல்வார்கள். அவர்களுக்கான அழைப்பைத் தபாலில் போடவேண்டாம், வகுப்பிலிருந்து இரண்டு பேர் நேரில் போய்க் கொடுக்கவேண்டும். வர விரும்பாவிட்டால் வற்புறுத்தாதீர்கள். அவர்கள் கோபமாக ஏதும் சொன்னால் இருந்து கேட்டுவிட்டு வாருங்கள்.

சிறப்பு விருந்தினர் விஷயம். மலர் அச்சுக்குப் போகமுதல் பெயர்ப் பட்டியலை எனக்கு அனுப்புங்கள். பார்த்துவிட்டு, வருகிறேனா இல்லையா என்று சொல்கிறேன்.