கச்சா எண்ணெய்க் கசடில் ஹைட்ரஜனைச் செலுத்துவது வீண் செலவுதானே? தார் போட்டுவிட்டுப் போகலாமே?

தம்பி, மணலி எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைப் பக்கம் பைப்புகளைப் பார்த்துக்கொண்டே கல்லூரிக்குப் போகிறவர் என்று நினைக்கிறேன். "வீண்" என்று கேட்டதும் சும்மா இருக்க முடியவில்லை. எனக்குத் திருவொற்றியூர். வளைகுடாவில் ஒரு ஆலையின் லேபில் பதினோரு வருடம் இந்தக் கசடோடுதான் குடும்பம் நடத்தினேன்.

கச்சா எண்ணெயைக் காய்ச்சி பெட்ரோல், டீசலைப் பிரித்த பிறகு அடியில் மிஞ்சும் கெட்டி எண்ணெய்தான் கசடு. வருகிற கசடு முழுவதையும் தாராக்கினால் போட ரோடு வேண்டாமா? முன்பு கப்பல்களுக்கு எரிஎண்ணெயாகத் தள்ளிவிடுவார்கள். 2020-இல் கப்பல் எண்ணெயின் கந்தக வரம்பு 3.5 சதவீதத்திலிருந்து 0.5-க்கு இறங்கியதும் அந்த வழியும் குறுகிவிட்டது. கோக்கர் என்ற யூனிட்டில் கடுமையாகச் சூடாக்கி, எண்ணெயாகவும் கரியாகவும் பிரிக்கலாம், மணலியில் அது உண்டு. இல்லையென்றால் 400 டிகிரிக்கு மேல், 150 பார் அளவு அழுத்தத்தில், மாலிப்டினம் கேட்டலிஸ்டோடு, அதாவது வினையூக்கியோடு, ஹைட்ரஜனைக் கொடுக்க வேண்டும். கந்தகம் ஹைட்ரஜன் சல்பைடாகக் கழன்றுவிடும், டீசலும் கூடுதலாகத் தேறும். கசடிலுள்ள வெனேடியமும் நிக்கலும்தான் தொல்லை. கேட்டலிஸ்டின் துளைகளில் போய் அடைத்துக்கொள்ளும். கரி என்றால் எரித்து எடுக்கலாம், உலோகத்தை என்ன செய்வது? எங்கள் யூனிட்டில் ஓட்டத்தை நிறுத்தாமலே தினமும் கொஞ்சம் பழசை இறக்கிப் புதுசை ஏற்றுவார்கள். செலவுதான், ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் அங்கே நான் பார்த்த நஷ்டம் வேறு வழியில் வந்தது. டீசல் இன்னும் கொஞ்சம் தேறட்டும் என்று ரியாக்டர் சூட்டைக் கூட்டியிருந்தார்கள். ராத்திரி ஷிப்டில் அடி எண்ணெய், அதாவது டீசலாக மாறாமல் மிஞ்சிய கனமான எண்ணெய், சாம்பிள் வந்தது. சூடாக்கி, ஒரு சொட்டை வடிதாளில் விட்டு, 100 டிகிரி ஓவனில் ஒரு மணி நேரம் வைப்போம். நல்ல எண்ணெய் என்றால் வேட்டியில் சிந்திய காபி மாதிரி ஒரே பழுப்பாகப் பரவும். அன்றைக்கு நடுவில் கண்ணின் கருவிழி மாதிரி ஒரு கறுப்பு வட்டம். கசடின் மிகக் கனமான கறுப்புப் பகுதியான அஸ்ஃபால்டீன் எண்ணெயில் கரைந்து நிற்காமல் பிரிய ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். கன்ட்ரோல் ரூமுக்குப் போன் போட்டேன்.

"பேப்பர் ஈரமா இருந்திருக்கும்பா, மாத்திப் போட்டுப் பாரு."

மாற்றினேன். மூன்று தடவையும் அதே வட்டம். நாலாம் நாள் அடி எண்ணெயின் சூட்டை வேறு எண்ணெய்க்கு மாற்றும் குழாய்க் கருவி, ஹீட் எக்ஸ்சேஞ்சர், அடைத்துக்கொண்டது. திறந்தால் குழாய்க்குள் கருப்பட்டி மாதிரி இறுகிக் கிடந்தது. மீட்டிங்கில் பழி கச்சா எண்ணெய் மேல் போனது.

புராசஸ் எஞ்சினியர்கள் சண்டைக்கு வர வேண்டாம். கச்சா எண்ணெய் மாறினாலும் இப்படி ஆகும், தெரியும். லேப்காரன் என்றால் பாட்டில் கழுவுகிறவன் என்ற நினைப்பைத்தான் சொல்கிறேன். ஊருக்கு வந்தால் மச்சானுக்கு நான் பெட்ரோல் பங்க் ஆள், கல்யாண வீட்டில் "விலை எப்ப மாமா குறையும்?" என்பார்.

அந்த மூன்று வடிதாள்களையும் பத்திரமாகக் கொண்டுவந்தேன். காபிக் கறை என்று வீட்டில் இரண்டைக் குப்பையில் போட்டுவிட்டார்கள். ஒன்று இருக்கிறது.