குடோனுக்கு மென்பொருள் வாங்கும் முன்: கேள்விகளும் பதில்களும்

மொத்த வியாபாரக் குடோன்களில் சரக்குக் கணக்கை ஒழுங்குபடுத்தும் வேலையில் பல வருடங்களாக இருக்கிறேன். மென்பொருள் எதையும் நான் விற்பதில்லை. இந்த வாரம் வந்த கேள்விகளில் பலருக்கும் பயன்படக்கூடியவற்றை எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி (விருதுநகர், பருப்பு மொத்த வியாபாரம்): ஐயா, டாலியில்தான் பில் போடுகிறோம். இரண்டு குடோன் இருக்கிறது. குடோனுக்கென்று தனி மென்பொருள் வாங்கச் சொல்கிறார்கள். அவசியமா?

பதில்: முதலில், கையில் இருப்பதை முழுசாகப் பயன்படுத்துகிறீர்களா என்று பாருங்கள். குடோன் வாரியாக இருப்பு, பேட்ச் (ஒரே தடவையில் தயாரான தொகுதி), காலாவதித் தேதி எல்லாம் டாலியிலேயே வைக்கலாம். பல இடங்களில் அந்த வசதியைத் திறந்தே பார்த்திருக்க மாட்டார்கள். உங்கள் சரக்குக்கு மூட்டைக் கணக்கும் வேண்டும், எடைக் கணக்கும் வேண்டும். ஈரம் காய்ந்தால் மூட்டை எண்ணிக்கை சரியாக இருந்தும் கிலோ இடிக்கும். எதை வாங்கினாலும் ஒரே பதிவில் இரண்டையும் காட்டச் சொல்லுங்கள்.

சரக்கு எடுத்துத் தருகிறவர் ஒருநாள் லீவு போட்டால் லோடு கிளம்பாமல் நிற்கிறதா? அப்படியென்றால் எது எங்கே இருக்கிறது என்பது அவர் நினைவில் மட்டும்தான் இருக்கிறது. தனி மென்பொருளுக்கு நேரம் வந்துவிட்டது. அயிட்டம் நூறு, இருநூறுதான், யார் போனாலும் எடுத்து வந்துவிடுவார்கள் என்றால் இப்போதைக்கு அந்தப் பணத்தை மிச்சம் பிடியுங்கள்.

கேள்வி (ஈரோடு, ஜவுளி): அண்ணா, போன வருடம் ஒரு மென்பொருள் வாங்கினோம். ஆறு மாதம் ஆகியும் இருப்பு ஒத்துப்போகவில்லை. வேறு மாற்றலாமா?

பதில்: மாற்றுவதற்கு முன் உங்கள் அயிட்டம் பட்டியலை அச்செடுத்துப் படியுங்கள். இதே ஊரில் ஒரு குடோனில் ஒரே லுங்கி மூன்று பெயரில் இருந்ததைப் பார்த்தேன். ஒருவர் கம்பெனி பெயரை முன்னால் போட்டிருந்தார், ஒருவர் டிசைன் நம்பரை, இன்னொருவர் எழுத்தையே மாற்றி அடித்திருந்தார். கொள்முதல் ஒரு பெயரில் ஏறும், விற்பனை இன்னொன்றில் இறங்கும். ஒன்றில் இருப்பு மைனஸில் போகும், மற்றதில் விற்காத சரக்கு மலையாக நிற்கும். எத்தனை லட்சம் கொடுத்து வாங்கினாலும் அந்தக் கணக்கு தேறாது. அந்தப் பட்டியலை மட்டும் சுத்தம் செய்ய எங்களுக்கு மூன்று வாரம் ஆனது. அதற்கப்புறம் பழைய மென்பொருளே ஒழுங்காக ஓடியது.

துணிக்கு ரகம், டிசைன், கலர், சைஸ் நான்கும் தனித்தனிக் கட்டமாக இருக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரே பெயருக்குள் அடைக்கச் சொல்லும் மென்பொருளைத் தொடாதீர்கள்.

அப்புறம், குடோனுக்கு முகவரி கொடுங்கள். ஏ-03-2 என்றால் ஏ வரிசை, மூன்றாவது ரேக், இரண்டாவது தட்டு. பெயிண்டில் பெரிதாக எழுதிவிடுங்கள். இந்த வேலையை முடித்துவிட்டு மென்பொருள்காரரைக் கூப்பிடுங்கள்.

கேள்வி (சேலம், மருந்து மொத்த விற்பனை): சார், எங்களுக்கு எதை முக்கியமாகப் பார்க்க வேண்டும்?

பதில்: முதலில் வந்தது முதலில் போகட்டும் என்ற முறை உங்களுக்குப் போதாது. எது முதலில் காலாவதியாகுமோ அதுதான் முதலில் வெளியே போக வேண்டும். நேற்று வந்த பேட்ச் போன மாதம் வந்ததைவிட முன்னதாகவே காலாவதியாகலாம். அதனால் எந்த பேட்சை எந்தத் தட்டிலிருந்து எடுக்க வேண்டும் என்று மென்பொருளே சொல்ல வேண்டும். ஒரே மருந்துக்கு பேட்ச் தோறும் எம்ஆர்பி மாறும், அதையும் தாங்க வேண்டும். காலாவதியாகித் திரும்பி வரும் சரக்கு விற்பனை இருப்போடு கலக்காமல் தனி இடத்தில் நிற்க வேண்டும்.

2023 ஆகஸ்ட் 1 முதல் தயாராகும், அரசு பட்டியலிட்ட 300 பிராண்டு மருந்துகளில் பார்கோடு அல்லது க்யூஆர் கோடு கட்டாயம். பேட்ச் எண்ணும் காலாவதித் தேதியும் அதற்குள் இருக்கும். அதனால் க்யூஆரும் படிக்கிற ஸ்கேனராக வாங்குங்கள். உங்கள் பெட்டி ஒன்றையே எடுத்துக்கொண்டு போய், மென்பொருள் அதைப் படித்துத் தானாகப் பதிகிறதா என்று கண்ணால் பாருங்கள்.

கேள்வி (கோயம்புத்தூர், பம்ப் உதிரிபாகங்கள்): இலவச மென்பொருள் போதாதா?

பதில்: ஈஆர்பிநெக்ஸ்ட் நல்ல மென்பொருள், உரிமக் கட்டணம் கிடையாது. நிறுவிப் பராமரிக்க விஷயம் தெரிந்த ஆள் வேண்டும், அந்தச் செலவு உண்டு. ஓடூ என்ற இன்னொரு மென்பொருளின் இலவசப் பதிப்பிலும் சரக்கிருப்பு வசதி இருக்கிறது, ஆனால் அதன் பார்கோடு செயலி கட்டணப் பதிப்பில்தான் வரும்.

கேள்வி (திருச்சி, எஃப்எம்சிஜி எனும் அன்றாட நுகர்பொருள் விநியோகம்): டெமோவில் எல்லாம் அழகாகத்தான் இருக்கிறது. எப்படிச் சோதிப்பது?

பதில்: அவர்கள் கொண்டுவரும் மாதிரி அயிட்டங்களை வைத்துப் பார்க்காதீர்கள். உங்கள் சரக்கில் ஐம்பதை ஏற்றச் சொல்லுங்கள். 100 கேஸ் ஆர்டரில் 92தான் வந்தது, அதில் 3 நசுங்கியிருக்கிறது. அதைப் பதியச் சொல்லுங்கள். ஒரு கேஸைப் பிரித்து ஏழு பீஸ் மட்டும் விற்றுப் பாருங்கள். பத்துக்கு ஒன்று இலவசம் என்ற ஸ்கீமில், அந்த இலவசப் பீஸும் இருப்பில் கழிகிறதா? ஒரே கடைசி கேஸை இரண்டு சேல்ஸ்மேன் ஒரே நேரத்தில் ஆர்டர் போட்டால் என்ன ஆகிறது? கடை திருப்பி அனுப்பிய சரக்கு எங்கே போய் நிற்கிறது?

இதையெல்லாம் நீங்கள் செய்யாதீர்கள். குடோனில் சரக்கு எடுக்கிறவர் கையில் கொடுங்கள். அரை மணி நேரத்தில் அவருக்குப் பிடிபடவில்லை என்றால் அது உங்கள் குடோனில் ஓடாது. திரை தமிழில் வருமா என்றும் கேளுங்கள். கடைசியாக, நாளைக்கு விலகினால் முழுத் தரவையும் எக்செல்லில் எடுக்க முடியுமா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி (மதுரை, ஹார்டுவேர்): ஜிஎஸ்டிக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

பதில்: நிறைய இருக்கிறது. ஒவ்வொரு குடோனும் உங்கள் ஜிஎஸ்டி பதிவில் கூடுதல் வியாபார இடமாக ஏறியிருக்க வேண்டும். எண்ணிப் பார்த்துக் குறைந்த சரக்கை இழப்பாக எழுதிவிட்டால், அதற்கு எடுத்த உள்ளீட்டு வரியை (வாங்கும்போது கட்டி, பிறகு கழித்துக்கொண்ட வரியை) திருப்ப வேண்டும் என்கிறது சட்டத்தின் 17(5)(எச்) பிரிவு. அதனால் "இருப்பு திருத்தம்" என்று ஒரே பட்டனில் முடிக்காமல், யார், எப்போது, ஏன் திருத்தினார் என்று பதியும் மென்பொருளாகப் பாருங்கள். பில்லிங்கோடு இணையாமல் இரண்டு முறை அடிக்க வைப்பது வேண்டாம்.

கேள்வி (சென்னை, பாத்திர மொத்த விற்பனை): லேபிள் ஒட்டினோம், இரண்டு மாதத்தில் எழுத்து மங்கிவிட்டது.

பதில்: நேரடி வெப்ப அச்சு லேபிளாக இருக்கும். தகரக் கூரைச் சூட்டுக்கு அது நிற்காது. ரேக்கிலும் நாள்பட்ட சரக்கிலும் ரிப்பன் போட்டு அச்சிடும் லேபிளை ஒட்டுங்கள். விலை பேசும்போது லேபிள், ரிப்பன், ஸ்கேனர், வருடப் பராமரிப்பு, ஆள் வந்து போகும் கட்டணம் எல்லாவற்றையும் கூட்டி மூன்று வருடத்துக்கு எவ்வளவு என்று கேளுங்கள்.

கேள்வி (திருநெல்வேலி, மளிகை மொத்த விற்பனை): எங்களிடம் இருபது வருடமாக இருக்கும் குடோன் அண்ணன், இது வந்தால் தனக்கு வேலை இருக்காதோ என்று பயப்படுகிறார்.

பதில்: அவரிடம் நீங்களே உட்கார்ந்து பேசுங்கள். ரேக் முகவரிப் படத்தை அவரையே வரையச் சொல்லுங்கள். வேகமாக ஓடும் சரக்கை வாசல் பக்கம் எங்கே வைப்பது என்பது அவரைவிட யாருக்கும் தெரியாது. தீபாவளி நெருக்கத்தில் ஆரம்பிக்க வேண்டாம். வியாபாரம் மந்தமான மாதத்தில் ஒரே ஒரு வரிசையை மட்டும் மாற்றி, தினமும் சாயங்காலம் அந்த வரிசையை அவரோடு சேர்ந்து எண்ணுங்கள். இரண்டு வாரம் தொடர்ந்து ஒத்துப்போனால் அடுத்த வரிசைக்குப் போகலாம்.