பாலைவனத்தில் ஜியோகேச்சிங்: ஆபீஸ் வேலையாகப் போகிறவர்கள் கேட்டவை

வேளச்சேரி: அக்கா, அடுத்த மாசம் துபாய்ல சைட் வேலை. சனி, ஞாயிறு லீவு. ஜியோகேச்சிங் பண்ணதே இல்ல, நேரா மணல்ல ஆரம்பிக்கலாமா?

ஆரம்பிக்கலாம். ஆனால் முதல் டப்பாவைச் சென்னையிலேயே தேடிவிட்டுப் போங்கள். ஆட்டம் இதுதான்: ஒருவர் டப்பாவை (இதைத்தான் கேச் என்பார்கள்) மறைத்து அதன் அட்சரேகை, தீர்க்கரேகையை ஜியோகேச்சிங் ஆப்பில் போடுவார். நீங்கள் ஜிபிஎஸ் வைத்துத் தேடி, உள்ளே இருக்கும் நோட்டில் பெயரும் தேதியும் எழுதி, எடுத்த இடத்திலேயே வைக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் தேடும் கடினம், நிலத்தின் கடினம் என்று 1 முதல் 5 வரை இரண்டு மதிப்பெண் உண்டு. நிலம் 2-ஐத் தாண்டினால் முதல் தடவைக்கு வேண்டாம். கடைசியாகத் தேடிப் போனவர்களின் குறிப்புகளையும் படியுங்கள். வரிசையாக நான்கு பேர் ‘கிடைக்கவில்லை’ என்று எழுதியிருந்தால் அந்த டப்பாவை விட்டுவிடலாம்.

அம்பத்தூர்: ஆப்ல இருக்கிற எண்ணை மேப்ல அடிச்சா வேற எங்கேயோ காட்டுதே?

அதிகம் பேர் தடுக்கி விழும் இடம் இது. கேச் எண்கள் டிகிரி, தசம நிமிடம் என்ற முறையில் இருக்கும். வடக்கு 25° 04.500′ என்றால் 4 நிமிடம் 30 விநாடி. அதை 4 நிமிடம் 50 விநாடி என்று அடித்தால் 600 மீட்டருக்கு மேல் வடக்கே போய் நிற்பீர்கள். 25.04500 டிகிரி என்று அடித்தால் 3 கிலோமீட்டருக்கு மேல் தெற்கே தள்ளிவிடும். ஊருக்குள் இது ஆட்டோ செலவோடு போகும். மணல்மேடுகளுக்கு நடுவே தண்ணீரும் வெளிச்சமும் கரையும். செட்டிங்ஸில் டிகிரி–தசம நிமிட முறையையும், டேட்டம் (எண்களை எந்தப் பூமி அளவீட்டின்படி படிப்பது என்ற செட்டிங்) டபிள்யூஜிஎஸ் 84 என்பதையும் ஒரு தடவை சரிபார்த்துவிடுங்கள். கடைசி இலக்கம் ஒன்று மாறினால் வடக்கு தெற்கில் 1.8 மீட்டர்தான், அதற்குக் கவலை வேண்டாம்.

சோழிங்கநல்லூர்: தனியா ஜிபிஎஸ் கருவி வாங்கணுமா, போன் போதுமா?

போன் போதும், வெயிலில் காயவிடாத வரை. ஐபோனுக்கு ஆப்பிள் சொல்லும் வரம்பே சுற்றுப்புறம் 35 டிகிரி வரைதான். டாஷ்போர்டில் வைத்தால் தானாக அணைந்துவிடும். மேப்பையும் கேச் விவரத்தையும் ஓட்டல் வைஃபையிலேயே இறக்கிக்கொள்ளுங்கள், மேடுகளுக்குப் பின்னால் சிக்னலை நம்ப முடியாது. பவர் பேங்க் கைப்பையில்தான் போக வேண்டும். 100 வாட்-ஹவருக்குள் இருக்கட்டும், 20,000 எம்ஏஎச் என்றால் 74 வாட்-ஹவர், பிரச்சினை இல்லை. டபுள் ஏ பேட்டரி போடும் கையடக்கக் கருவி கிடைத்தால் இன்னும் நல்லது, போன் அணைந்தாலும் கார் இருக்கும் திசை தெரியும். ஒரு எச்சரிக்கை: செயற்கைக்கோள் வழியே மெசேஜ் அனுப்பும் கருவியை அங்கே வாங்கி அப்படியே மீனம்பாக்கத்தில் இறங்காதீர்கள். முன் அனுமதியில்லாமல் இந்தியாவில் அதை வைத்திருப்பது குற்றம்.

மயிலாப்பூர்: எங்க வீட்டுக்காரர் தனியா போறேன்னு நிக்கிறார். எவ்வளவு தண்ணி குடுத்து அனுப்பணும்மா?

தனியாக வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள், துணைக்கு ஒருவராவது வேண்டும். நவம்பர் முதல் மார்ச் வரைதான் இதற்குக் காலம். ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை மதியம் 12.30 முதல் 3 மணி வரை வெட்டவெளி வேலையையே துபாயில் சட்டம் தடுக்கிறது; அந்த மாதங்களில் பொழுதுபோக்குக்காக மணலில் இறங்குவது சரியில்லை.

அரை நாளுக்கு ஆளுக்கு 4 லிட்டர் தண்ணீர், காரில் தனியாக 5 லிட்டர், ஓஆர்எஸ் பாக்கெட் இரண்டு. கொண்டுபோனதில் மூன்றில் ஒரு பங்கு தீர்ந்ததும், டப்பா கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், திரும்பிவிட வேண்டும்.

காரைவிட்டு இறங்கியதும் முதல் வேலை கார் நிற்கும் இடத்தை ஜிபிஎஸ்ஸில் குறிப்பது. மேடுகள் எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும், காற்றடித்தால் காலடித் தடமும் அழிந்துவிடும். ஆப் காட்டும் 800 மீட்டர் நேர்க்கோட்டு தூரம். மேட்டில் ஏறி இறங்கினால் நேரம் இரண்டு மடங்காகும். காற்று வந்து மோதும் பக்கம் மணல் இறுகியிருக்கும், அதில் ஏறி உச்சி வழியே நடக்கட்டும். எதிர்ப்பக்கச் சரிவில் கால் புதையும். எங்கே போகிறார், எத்தனை மணிக்குத் திரும்புவார் என்பதை ஓட்டலிலும் உங்களிடமும் சொல்லிவிட்டுப் போகட்டும். கார் சிக்கினால் காரைவிட்டு நகரக் கூடாது. தேடி வருபவர்களுக்கு மனிதனைவிடக் கார் சீக்கிரம் கண்ணில் படும். அங்கே போலீஸ் எண் 999.

பெரம்பூர்: வாடகைக் கார்ல போலாமா சார்... ஸாரி, அக்கா?

தார் ரோடு வரை போகலாம். இன்டர்நேஷனல் டிரைவிங் பெர்மிட்டை நம் ஆர்டிஓ-வில் வாங்கிக்கொண்டு போங்கள். வாடகைக் காரின் இன்ஷூரன்ஸ் பெரும்பாலும் மணலில் ஓட்டுவதற்குச் செல்லாது, ஒப்பந்தத்தைப் படியுங்கள். ஃபோர் வீல் டிரைவ் வைத்திருக்கும் நண்பர்கள் கூட்டிப்போனால், 35 பிஎஸ்ஐ டயரை 15–18 வரை இறக்குவார்கள். டயர் அகலமாகப் படிந்து புதையாமல் போகும். அதைவிட இறக்கினால் திருப்பத்தில் டயர் ரிம்மைவிட்டுக் கழன்றுவிடும். ரோடு ஏறுமுன் காற்றடிக்க கம்ப்ரெஸர், மண்வெட்டி, துணைக்கு இன்னொரு வண்டி, மூன்றும் இல்லாமல் இறங்கக் கூடாது. கடலோரமாக வெள்ளையாகத் தெரியும் சப்கா உப்புத் தரையில் ஏறவே ஏறாதீர்கள். மேலே காய்ந்த பொருக்கு, கீழே சேறு.

தாம்பரம்: கிட்ட போனதும் அம்பு சுத்திக்கிட்டே இருக்கு. தோண்டிப் பாக்கலாமா?

தோண்ட வேண்டாம். நிலத்துக்காரர் அனுமதியில்லாமல் குழி தோண்டிப் புதைத்து வைப்பதை விதியே தடுக்கிறது. ஜிபிஎஸ்ஸில் 3–5 மீட்டர் பிழை எப்போதும் உண்டு, அதனால்தான் அம்பு சுற்றுகிறது. 10 மீட்டருக்குள் வந்ததும் போனைப் பையில் போட்டுவிட்டுக் கண்ணால் தேடுங்கள்: காஃப் மரத்தின் (நம் வன்னி மரம்தான்) அடி, கற்குவியல், வேலிக் கம்பம். காற்று மணலைத் தள்ளி மூடியிருக்கலாம், குச்சியால் தட்டிப் பாருங்கள்.

ராயபுரம்: பாம்பு, தேள்?

அதற்கும் அந்தக் குச்சிதான். கல்லைக் குச்சியால் புரட்டாமல் கையை விடாதீர்கள். அங்குள்ள கொம்பு விரியன் மணலுக்குள் உடலைப் புதைத்துக்கொண்டு கிடக்கும், ஆகவே கணுக்கால் மூடிய ஷூ அவசியம். கடித்தால் கட்டவோ கீறவோ கூடாது. கடிபட்ட இடத்தை அசைக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

கிண்டி: எனக்கு ஜெய்சல்மர் பக்கம் சோலார் சைட். அங்க?

எல்லையோரப் பகுதிகளில் அனுமதி விதிகள் உண்டு, சைட் அலுவலகத்தில் கேட்காமல் போகாதீர்கள். பொக்ரான் பக்கம் ராணுவத் துப்பாக்கிச் சுடுகளம் இருக்கிறது. பலகை போட்ட வேலிக்குள் எண் காட்டினாலும் நுழையக் கூடாது, மணலில் கிடக்கும் இரும்புத் துண்டைத் தொடவும் கூடாது. அவசரத்துக்கு 112.

வேளச்சேரி: டப்பாவுக்குள்ள ஏதாவது வைக்கணுமா?

ஒன்றை எடுத்தால் அதே மதிப்புக்கு ஒன்றை வையுங்கள். தின்பண்டம் வேண்டாம், வாசனைக்கு நரி வந்து டப்பாவைக் கடித்துவிடும். நோட்டில் எழுத பென்சில் கொண்டுபோங்கள், பால்பாயின்ட் பேனாவைச் சூட்டில் நம்ப முடியாது. மூடும்முன் மூடியின் மரையில் ஒட்டிய மணலைத் துடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அடுத்தவரால் திறக்க முடியாது.